தோற்பதற்கு ஓர் ஆள்

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில், தான் தோற்றுப்போன செய்தி நோரீன் மெசிக்குக்கு வந்தது. தேர்தலில் நின்ற செய்தி அதுவரை வந்திருக்கவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஃபிராங்க்ளின் பியூசி, மில்பரோ நகரத்து முடிவு நாள் விழாக் குழுவின் தலைவர். உயரமான கறுப்புத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி சமையலறை வாசலில் நின்றார். நோரீன் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். தொப்பியையும் முகத்தையும் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

"மிஸ் நோரீன், மனசைத் திடப்படுத்திக்கோங்க. நீங்க தோத்துட்டீங்க."

"எதுல?"

"காங்கிரஸ் தேர்தல்ல."

முட்டை தின்றுகொண்டிருந்த அவள் கணவன் கர்ட்டிஸ் தலையைத் தூக்கினான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

மாநிலம் சிறியது. வடக்கு எல்லையில் காரில் ஏறித் தூங்கினால் தெற்கு எல்லையைத் தாண்டித்தான் விழிப்பு வரும். காங்கிரஸ் என்கிற வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் கீழ்சபைக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு பிரதிநிதி. பல தேர்தல்களாக அவர் டக்ளஸ் ஹார்ட்வெல். இந்த முறை எதிர்க்கட்சிக்காரர்கள் யாரை நிறுத்துவது என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அடித்து முடித்தபோது மனுப் போடும் தேதியும் முடிந்திருந்தது. ஆகவே ஹார்ட்வெல்லை எதிர்த்து யாருமில்லை.

வாக்குச்சீட்டில் பிடித்த பெயர் இல்லையென்றால் கீழே ஒரு காலிக் கோடு உண்டு. அதில் யார் பெயரையும் எழுதலாம். சிலர் தங்கள் நாயின் பெயரை எழுதியிருந்தார்கள். சதுப்புநிலச் சாலையில் குடியிருக்கும் ஒன்பது பேர் நோரீனின் பெயரை எழுதியிருந்தார்கள். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளாதவருக்கு அப்படி எழுதிய வாக்குகள் சட்டப்படி செல்லாது. சட்டத்தைப் பொறுத்தவரை அவள் வேட்பாளரே இல்லை. விழாக் குழுவைப் பொறுத்தவரை அவள் தோற்ற வேட்பாளர்.

"நாய்களையும் பரிசீலிச்சோம்," என்றார் பியூசி. "ஆனா வண்டியில உக்காராது."

வண்டி என்றால் குதிரை வண்டி. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே வண்டியில் அமர்ந்து நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி வருவார்கள். பிறகு கடற்கரை மணல் நிரப்பிய பெட்டியில் ஒரு கைக்கோடாலியை இருவரும் சேர்ந்து புதைப்பார்கள். அத்தோடு பகை புதைந்ததாகக் கணக்கு. தேர்தல் முடிவு குதிரையேறி வந்த காலத்து வழக்கம். இப்போது முடிவு எல்லோர் பையிலும் உடனே வந்துவிடுகிறது. இருந்தாலும் பட்டுச் சட்டை போட்ட ஒருவர் நீதிமன்ற மாடத்தில் நின்று அதை உரக்கப் படிப்பார். மக்கள் கைபேசியில் சரிபார்த்துக்கொள்வார்கள்.

"தோத்தவங்க இல்லாம ஜெயிச்சவர் மட்டும் வண்டியில போனா அது ஊர்வலம் இல்லம்மா, ஊர் சுத்துறது," என்றார் பியூசி. "இருநூறு வருஷமா இந்த மேடையில ஒருத்தர் தோத்துருக்காங்க. என் காலத்துல அது நின்னு போச்சுன்னு இருக்கக் கூடாது. ஜனநாயகத்துக்கு ஜெயிக்கிறவன் எப்படியும் கிடைச்சிடுவான். மரியாதையாத் தோக்கிற ஆள்தான் கிடைக்க மாட்டேங்குது."

நோரீன் அவருக்கும் காப்பி ஊற்றினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்தார். சதுப்புநிலச் சாலையில் யார் வீட்டுக் காப்பியும் அப்படித்தான். மூன்று வருஷமாகக் கிணற்றில் உப்பு. ஓடையின் முகத்தில் கடல் ஏறாமல் தடுக்கும் மதகின் கதவிடுக்கில் ஒரு பெரிய மரக்கட்டை வந்து செருகிக்கொண்டது. அன்றிலிருந்து கதவு மூடுவதில்லை. ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் நேராக ஓடைக்குள் நடந்து வருகிறது. மதகு மத்திய அரசின் சொத்து. பக்கத்தில் ஒரு பலகை: 'தனியார் கருவிகளால் தொடுவது குற்றம்.' சாலைமுனை வீட்டு அர்லீனின் புருஷன் தன் கடப்பாரையால் ஒரு தரம் தொட்டான். அபராதம் கட்டினான். கட்டை அங்கேயே இருந்தது.

ஆகவே நோரீன் முறைப்படி போனாள். பிரதிநிதியின் அலுவலகத்துக்கு மூன்று வருஷமாகத் தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் ஹார்ட்வெல்லின் பதிவு செய்த குரல், உங்கள் பிரச்சினை எனக்கு முக்கியமானது என்று ஒவ்வொரு முறையும் ஒரே அக்கறையோடு சொன்னது.

"வண்டியில எவ்வளவு நேரம் அவர்கூட உக்காந்திருப்பேன்?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம் ஆகும். குதிரைக்கு வயசாச்சு."

"இறங்கிப் போயிட மாட்டாரே?"

"ஜெயிச்சவர் பாதியில இறங்கக் கூடாதுங்கிறது விதி."

"அப்ப நான் தோத்துட்டேன்," என்றாள் நோரீன்.

*

மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவள் அர்லீன். வழவழவென்று தட்டையாக உருட்டிப் போட்ட மாவுத்துண்டுகளும் கோழியுமாக ஒரு பெரிய சட்டியைத் தூக்கிவந்தாள். சாவு வீட்டுக்குத்தான் இந்த ஊரில் அதைக் கொண்டுபோவார்கள்.

"அழணும்னா அழுதுடு," என்றாள்.

"நான் நிக்கவே இல்ல அர்லீன்."

"அப்படித்தான் நினைச்சுக்கணும். அதான் நல்லது. நான் உனக்குத்தான் போட்டேன். நீ ஜெயிச்சு, என் வீட்டுப் பின்னாடி துரு ஏறிக் கிடக்கிற மதகையும் பாப்பேன்னு நினைச்சேன். சரி விடு, உப்புப் போடாமத்தான் சமைச்சிருக்கேன். தண்ணியிலயே இருக்கு."

அடுத்தடுத்துச் சட்டிகள் வந்தன. கர்ட்டிஸ் அவற்றை அடுக்கிக்கொண்டே, "கால்வாய்க்கு வடக்க, பெரிய ஊர்ப் பக்கம், நீ ஒரு நடை போயிருக்கணும்," என்றான். "அங்கதான் ஓட்டு போச்சு."

"நீ எனக்குப் போட்டியா?"

கர்ட்டிஸ் ஒரு சட்டியைத் திறந்து மோந்து பார்த்தான். "ஹார்ட்வெல் ஜெயிக்கிற மாதிரி இருந்தாரு. ஓட்டை எதுக்கு வீணாக்கணும்னு."

பிறகு எதிர்க்கட்சியின் மாநிலத் தலைவர் தொலைபேசியில் வந்தார். தன் கட்சிக்கு அவள் ஆற்றிய தொண்டுக்கு நன்றி சொன்னார். தான் எந்தக் கட்சியிலும் இல்லை என்றாள் அவள். அதுதான் தங்கள் புதிய வியூகம் என்றார் அவர். சிறிது நேரம் கழித்து மறுபடி அழைத்தார். இவ்வளவு மோசமான தோல்விக்கு அவளே பொறுப்பென்று கட்சியின் செயற்குழு தீர்மானம் போட்டிருப்பதாகவும், இதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எங்க தப்பு நடந்துச்சு?"

"குழாயில," என்றாள் நோரீன்.

மாலைப் பதிப்பின் தலைப்பு: 'குடிநீரை மட்டுமே நம்பியதால் வீழ்ந்தார்.'

அன்று சாயங்காலம் தீயணைப்பு நிலையத்தில் ஒத்திகை. பியூசி ஒரு பெஞ்சை வண்டியாக வைத்து அவளை உட்காரவைத்தார். தோற்றவர் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், வந்த வழியை எண்ணிப் பார்ப்பதற்காக. ஜெயித்தவர் முன்பக்கம் பார்ப்பார்.

"கொஞ்சம் சிரிங்க. ஐயோ, அவ்வளவு வேண்டாம். தோத்ததுல சந்தோஷம்னு ஆயிடும். இப்ப கொஞ்சம் வருத்தம். அதுவும் ஜாஸ்தி. ஜெயிச்சிருந்தா ஏதோ செஞ்சிருப்பீங்கங்கிற மாதிரி இருக்கு. அந்த வருத்தம் வேண்டாம். குடையை எங்கயோ விட்டுட்டு வந்த மாதிரி ஒரு முகம் போதும்."

நோரீனுக்கு அந்த முகம் வரவில்லை. பேருந்தில் பிள்ளைகள் கத்தும்போது கண்ணாடியில் பார்க்கும் முகம்தான் வந்தது. அதுவே போதும் என்று பியூசி விட்டுவிட்டார்.

பேச வேண்டியதையும் அவரே எழுதித் தந்தார். ஒரே வரி: 'மக்களின் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்கிறேன்.'

"ஒன்பது பேர் நான் வேணும்னு எழுதியிருக்காங்களே. அதையும் ஏத்துக்கணுமா?"

பியூசி யோசித்தார். "அது தீர்ப்பு இல்லம்மா. அபிப்பிராயம்."

வீட்டுக்கு வரும் வழியில் நோரீனுக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. இரண்டு தெருவைத் தாண்டிய பிறகுதான் அது தோல்வி என்று புரிந்தது. நிற்காத தேர்தலில் தோற்றாலும் வலிக்கத்தான் செய்கிறது.

*

முடிவு நாள் வெயிலும் குளிருமாக விடிந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. சதுக்கத்தின் ஓரத்தில் முழு எருதொன்றைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இறைச்சி வைத்த ரொட்டி எல்லோருக்கும் இலவசம். விழாவுக்கு இருநூறு வருஷம் ஆயுள் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோரீன் தன் நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். பையில் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில்.

ஹார்ட்வெல் நல்ல உயரம், நல்ல பல். அவளுக்குக் கைகொடுத்து வண்டியில் ஏற்றினார். "நல்ல போட்டி," என்றார்.

"நான் நிக்கலை சார்."

"அந்த அடக்கம்தான் உங்க பலம். என் ஆளுங்க அதைத்தான் பயந்தாங்க."

வண்டி புறப்பட்டது. அவருடைய உதவியாளர் மீகன், கையில் தொலைபேசியோடு, சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். ஹார்ட்வெல் முன்னால் பார்த்துக் கையசைத்தார். நோரீன் பின்னால் பார்த்தபடி மதகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். குதிரை ஒரு தெருவைக் கடப்பதற்குள் கட்டை, ஓதம், கிணறு எல்லாம் சொல்லி முடித்தாள். வாஷிங்டனுக்கு ஒரு போன் போட்டால் ஓர் ஆள் வந்து எடுத்துவிட்டுப் போய்விடுவான் என்றாள்.

"நெஞ்சைத் தொடுற விஷயம்," என்றார் ஹார்ட்வெல், ஒரு குழந்தைக்குக் கையசைத்து. "தண்ணி எனக்கு ரொம்ப முக்கியமானது."

குரல் தொலைபேசியில் கேட்டது போலவேதான் இருந்தது. நோரீன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

சாலையின் இருபுறமும் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்றவள் கொடுக்கும் தண்ணீரை மறுக்க முடியாது. வாங்கி வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். ஊற்றிய பிறகுதான் உப்பு தெரிந்தது. துப்பவும் வழியில்லை. புகைப்படக்காரர்கள் நின்ற மூலை வரைக்கும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டே கையசைத்தார். மூலை திரும்பியதும் விழுங்கினார்.

"இந்தக் கரையோட மண்வாசனை," என்றார், குரல் கரகரத்து.

"தினமும் இதைத்தான் குடிக்கிறோம் சார்."

ஹார்ட்வெல் முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது. உப்பினாலும் இருக்கலாம். "மீகன், இதுக்கு நாம ஏதாவது பண்ணணும்ல?"

மீகன் நடந்துகொண்டே தலையசைத்தாள். "முடியாது சார். நேத்து வரைக்கும் பண்ணியிருக்கலாம். நேத்து வரைக்கும் இவங்க உங்க வாக்காளர். இப்ப எதிர் வேட்பாளர். தோத்தவங்களுக்குச் சலுகை கொடுத்தா, பேரம் பேசித் தோக்கவச்சோம்னு சொல்லுவாங்க. நெறிமுறைக் குழு விடாது."

"மூணு வருஷமா வாக்காளராத்தானே இருந்தேன்," என்றாள் நோரீன்.

"ஆமா மேடம். வரிசையில இருந்தீங்க. இப்ப அந்த வரிசையிலயும் உங்களை வைக்க முடியாது. எடுத்தாச்சு."

"மறுபடி எப்ப வாக்காளர் ஆவேன்?"

"அடுத்த தேர்தல் முடிஞ்சதும். அதுல நீங்க நிக்காம இருந்தா."

"இதுலயும்தான் நிக்கலை."

"அதான் மேடம் சிக்கல். நிக்காமலே இப்படி ஆயிடுச்சு."

"நியாயம்னா எனக்கு உயிர்," என்றார் ஹார்ட்வெல், வருத்தத்தோடு. "என் சொந்தத் தம்பியா இருந்தாலும் இதேதான். என் தம்பி எதிர்த்து நிக்கலை, அதனால அவன் வீட்டு வழி ரோடு போட்டோம். ஆனா நின்னிருந்தா போட்டிருக்க மாட்டேன். அவ்வளவு கறார் நான்."

குதிரை நின்றது. அரை மணி நேரம் முடிந்திருந்தது. நோரீன் கடைசிவரை பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வழி நன்றாகத் தெரிந்தது.

*

மேடையில் மணல் பெட்டி. பட்டு மெத்தையில் கோடாலி. பியூசி தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேச நின்றார்.

"இதோ இந்தக் கோடாலி," என்றார். "இது யாரோட கோடாலி? என்னோடதா? இல்ல. ஹார்ட்வெல்லோடதா? இல்ல. இது எந்தத் தனியாருக்கும் சொந்தமில்ல. பொது நிதியில வாங்கினது. இது மக்களோட கோடாலி. இதை நாம இன்னைக்கு என்னென்னைக்குமாப் புதைக்கிறோம். புதைச்சதை யாரும் தோண்ட மாட்டாங்க. பகையைப் பாதுகாத்து வைக்கிற வழக்கம் நம்ம ஊர்ல கிடையாது."

அதே கோடாலியைத்தான் அவருடைய மருமகன் ஒவ்வொரு விழா மாலையும் தோண்டி, எண்ணெய் தடவி, அடுத்த தடவைக்காகக் கொட்டகையில் வைக்கிறான் என்பது ஊரறிந்த ரகசியம். கூட்டம் கண்கலங்கிக் கைதட்டியது.

நோரீன் கைதட்டவில்லை. 'எந்தத் தனியாருக்கும் சொந்தமில்ல' என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அந்த வரி அவளுக்கு ஒரு பலகையை நினைவுபடுத்தியது.

அவள் தன் ஒற்றை வரியைச் சொன்னாள். பிறகு அவளும் ஹார்ட்வெல்லும் கோடாலியின் காம்பை ஆளுக்கொரு கையால் பிடித்து மணலுக்குள் அழுத்தினார்கள். படம் எடுத்து முடித்ததும் ஹார்ட்வெல் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். பாண்டு வாத்தியம் முழங்கியது. ரொட்டி தயார் என்று யாரோ அறிவித்தார்கள். ஜனநாயகம் மொத்தமாக எருதை நோக்கி ஓடியது. ஹார்ட்வெல் முன்னால் ஓடினார். அவருக்குத் தாகம்.

மேடையில் நோரீன் மட்டும் மணலுக்குள் கைவிட்டபடி நின்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோற்றவளின் வசதிகளில் அதுவும் ஒன்று. கையை வெளியே எடுத்தபோது கோடாலியும் சேர்ந்து வந்தது. மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு மணலைத் தட்டிச் சமன் செய்தாள்.

ஓடைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஓதம் வடிந்திருந்தது. கட்டை சேற்றுக்கு மேலே கரேலென்று தெரிந்தது. கர்ட்டிஸ் கையில் ரொட்டியோடு பின்னாலேயே வந்திருந்தான். பலகையைச் சத்தமாக ஒருமுறை படித்தான்.

"தனியார் கருவியாமே."

"இது மக்களோடது. பியூசியே சொன்னார். கூட்டமே கைதட்டுச்சு."

கர்ட்டிஸ் சிறிது நேரம் மென்றான். "ஹார்ட்வெல்லுக்குப் போட்டது தப்புதான்," என்றான். ரொட்டியைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, அவள் வழுக்காமலிருக்க மேலங்கியைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

விழாக் கோடாலி மழுங்கல். நெடுநேரம் பிடித்தது. அவளுக்குத் தோள் விட்டுப்போனது. கொஞ்சம் அவன் வெட்டினான், மீண்டும் அவள். மாலை வெயில் நாணலில் சாயும்போது ஓதம் திரும்பி ஏறத் தொடங்கியது. கட்டை பாதி வெட்டில் முனகி இரண்டாக உடைந்து இடுக்கை விட்டு விலகியது. அந்த வேகத்தில் கோடாலி கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. குமிழி விட்டது. காணாமல் போனது. மில்பரோவின் சரித்திரத்தில் முதன்முறையாகக் கோடாலி உண்மையிலேயே புதைந்தது.

ஏறிவந்த தண்ணீர் மதகுக் கதவைத் தள்ளிச் சாத்தியது. அந்தச் சத்தத்தை அவர்கள் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. கர்ட்டிஸ் மிச்ச ரொட்டியை அவளிடம் கொடுத்தான்.

*

அன்று மாலை மருமகன் மணல் பெட்டியை அடிவரை கிண்டிவிட்டு வெறுங்கையோடு வந்தான். திருட்டுப் போனதாகப் புகார் கொடுக்கக் குழு விரும்பியது. என்னென்றைக்கும் தோண்ட மாட்டோம் என்றதைத் தோண்டித்தான் தெரிந்துகொண்டோம் என்று காவல் நிலையத்தில் சொல்ல யாரும் முன்வரவில்லை. இறுதியில், 'இவ்வளவு ஆழமான சமாதானம் இதற்குமுன் எட்டப்பட்டதில்லை' என்று அறிக்கை விட்டார்கள்.

மார்ச் மழைக்குப் பிறகு கிணற்றில் உப்பு குறைந்தது. கோடையில் காப்பி காப்பியாக இருந்தது.

அதற்குப் பிறகு வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவளுடைய பழைய புகாரின் முறை அப்போதுதான் வந்திருந்தது, யாரோ அவளை வரிசையிலிருந்து எடுக்க மறந்திருந்தார்கள். மதகைத் திறந்து மூடிப் பார்த்தார். நன்றாக வேலை செய்கிறது, புகார் ஆதாரமற்றது என்று முடித்தார். இனிமேல் அரசின் நேரத்தை வீணாக்க வேண்டாமென்று நோரீனிடம் அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹார்ட்வெல்லின் அடுத்த பிரசுரத்தில் அந்த மதகின் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது: 'எதிர்த்து நின்றவரின் வீட்டுக்கும் நல்ல தண்ணீர் தந்தவர்.'

இரண்டு வருஷம் ஓடியது. எதிர்க்கட்சிக்காரர்கள் மறுபடியும் அடித்துக்கொண்டார்கள். மனுத் தேதி மறுபடியும் போனது. ஒரு காலையில் பியூசி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"மிஸ் நோரீன், உங்களை மாதிரித் தோக்க ஆளே கிடையாது. போன தடவை பாத்தவங்க இன்னும் சொல்றாங்க. இந்தத் தடவையும்..."

"உக்காருங்க," என்றாள் நோரீன். காப்பி ஊற்றி வைத்தாள். "கோடாலி இருக்கா?"

"புதுசு வாங்கியிருக்கோம். பொது நிதியிலதான்."

"கூர்மையா?"

"விழாக் கோடாலிக்கு எதுக்கும்மா கூர்மை?"

"அர்லீன் வீட்டுப் பின்னாடி இன்னொரு மதகு இருக்கு," என்றாள் நோரீன். "துரு ஏறின கம்பி, கொடி, வேர் எல்லாம் சுத்திக் கிடக்கு."

பியூசி கோப்பையை எடுத்தார். எச்சரிக்கையாக உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். ஜன்னல் வழியே ஓடைப் பக்கம் பார்த்தார். பிறகு கோப்பையைக் காலி செய்து, அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"சாணை பிடிச்சே கொண்டுவரச் சொல்றேன்," என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."